எலும்பும் பல்லும்: பல் நாற்காலியில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

பல் மருத்துவம் படித்தபோது, எலும்பைப் பற்றி இவ்வளவு பேச வேண்டியிருக்கும் என்று நினைக்கவில்லை. ஒரு பெரியவருக்குக் கடைவாய்ப் பல்லை எடுக்க மரத்துப்போகும் ஊசியைப் போட்டு முடித்திருந்தேன். "ஊசின்னதும்தான் ஞாபகம் வருது, எலும்புக்கும் ஆறு மாசத்துக்கு ஒரு ஊசி போட்டுக்கிறேன்" என்றார். படிவத்தில் 'வேறு மருந்துகள்' என்ற இடத்தில் ஒரு கோடு போட்டிருந்தார். பல்லுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்திருக்கிறார். அவர் மேல் தப்பில்லை, யாரும் அவரிடம் சொல்லவில்லை. அன்று அந்தப் பல்லை எடுக்கவில்லை.

அதற்கப்புறம் கேட்ட கேள்விகளைக் குறித்து வைக்க ஆரம்பித்தேன். கேட்டவர்கள் வாயில் வந்தபடியே இங்கே இருக்கின்றன.

பல்லும் ஒரு எலும்புதானே டாக்டர்?

இல்லை. இரண்டும் கெட்டியாக, வெள்ளையாக இருப்பதால் அப்படித் தோன்றுகிறது. கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த ஒரே வகைத் தாதுதான் இரண்டிலும் இருக்கிறது. உடம்பிலுள்ள கால்சியத்தில் 99 சதவீதம் இந்த இரண்டு இடத்தில்தான். ஆனால் எலும்பு உயிரோடு இருக்கும் திசு. பழைய எலும்பை அரித்தெடுக்கும் செல்களும் புதிதாகக் கட்டும் செல்களும் அதில் ஓயாமல் வேலை செய்கின்றன. வளர்ந்தவர்களின் எலும்பில் ஏறக்குறைய 10 சதவீதம் ஒவ்வொரு வருடமும் புதிதாகிறது. முறிந்த கை கூடுவது அதனால்தான்.

பல்லின் மேலுறையான எனாமலில், எடைக்கு எடை பார்த்தால், 96 சதவீதம் வெறும் தாது. உடம்பிலேயே கெட்டியான பொருள் அதுதான். ஆனால் அதைக் கட்டிய செல்கள் பல் முளைக்கும்போதே போய்விடுகின்றன. அதனால் உடைந்த பல் கூடாது, குழி விழுந்த பல் தானாக நிரம்பாது.

அப்போ எலும்பு வீக்கானா பல்லுக்கு என்ன வந்தது?

பல் நிற்கும் இடம் எலும்பு. தாடை எலும்பில் ஒவ்வொரு வேருக்கும் ஒரு குழி இருக்கிறது. வேர் அதில் நேரடியாக ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. நடுவில் சுமார் 0.2 மில்லிமீட்டர் தடிப்பில் ஒரு நார்ப்படலம் உண்டு. ஊஞ்சலைக் கயிறு தாங்குவதுபோல அந்த நார்கள்தான் பல்லைத் தாங்குகின்றன. கடிக்கும் அழுத்தம் இந்த நார்கள் வழியாகத்தான் எலும்புக்குப் போகிறது.

இந்தக் குழி எலும்புக்கு ஒரு குணம். அது பல்லுக்காகவே இருக்கிறது. பல்லை எடுத்துவிட்டால் தனக்கு வேலை இல்லை என்று கரைய ஆரம்பிக்கும். முதல் ஒரு வருடத்தில் அந்த இடத்தின் அகலத்தில் பாதி வரை குறையலாம். அதிலும் பெரும்பங்கு முதல் மூன்று மாதத்திலேயே போய்விடும். எலும்பு பல்லைத் தாங்குகிறது, பல் எலும்பைத் தக்கவைக்கிறது. கீழே வரும் பாதிக் கேள்விகளுக்குப் பதில் இதிலிருந்துதான் வரும்.

எனக்கு முழங்கால்ல எலும்புத் தேய்மானம். பல்லும் தேஞ்சிடுமா?

நாம் 'எலும்புத் தேய்மானம்' என்ற ஒரே சொல்லை இரண்டு வியாதிக்கு வைத்திருக்கிறோம். முழங்காலில் தேய்வது மூட்டின் குருத்தெலும்பு. இந்தக் கட்டுரை பேசுவது வேறு. எலும்பின் உள்ளே இருக்கும் அடர்த்தி குறைந்து, லேசாக விழுந்தாலே முறிகிற நிலை அது. ஆஸ்டியோபோரோசிஸ் என்று சீட்டில் எழுதியிருப்பார்கள். இங்கே அதை எலும்பு மெலிவு என்று சொல்கிறேன். மூட்டுத் தேய்மானத்துக்கும் பல்லுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. விரல் மூட்டுகள் வலித்து பிரஷ்ஷைப் பிடிக்க முடியாமல் போனால் மட்டும் தொடர்பு வந்துவிடும்! கைப்பிடி தடிமனான பிரஷ் அல்லது பேட்டரி பிரஷ் அவர்களுக்கு நல்லது.

உங்களுக்கு இருப்பது எது என்று தெரியாவிட்டால் ஸ்கேன் சீட்டைப் பாருங்கள். எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் டி-ஸ்கோர் என்று ஒரு எண் இருக்கும். மைனஸ் 1 அல்லது அதற்கு மேல் என்றால் இயல்பு. மைனஸ் 1-க்கும் மைனஸ் 2.5-க்கும் நடுவில் என்றால் அடர்த்தி குறைவு. மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்பு மெலிவு.

தினமும் கால்சியம் மாத்திரை போடுறேன், அப்புறமும் ஏன் பல் சொத்தையாகுது?

மாத்திரை எலும்புக்குப் போகிறது, எனாமலுக்குப் போவதில்லை. எனாமலுக்கு ரத்த ஓட்டம் கிடையாது. பல் உருவாகும் சிறு வயதில்தான் உடம்பிலிருந்து அது எதையும் எடுத்துக்கொள்ளும். பெரியவர்களின் எனாமலுக்குத் தாது வெளியிலிருந்து, எச்சிலிலிருந்தும் ஃப்ளூரைடு பேஸ்டிலிருந்தும் வர வேண்டும். சொத்தை வருவது சர்க்கரையைத் தின்னும் கிருமி விடும் அமிலத்தால். கால்சியம் குறைந்ததால் அல்ல.

அதற்காக மாத்திரையை நிறுத்த வேண்டாம். மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால் எலும்புக்குத்தான் எழுதியிருக்கிறார். ஒரே வேளையில் அதிகம் போட்டாலும் உடம்பு முழுவதையும் உறிஞ்சாது. 500 மில்லிகிராமுக்கு மேல் என்றால் இரண்டு வேளையாகப் பிரிப்பது வழக்கம். வைட்டமின் டி குறைவாக இருந்தால், போடும் கால்சியத்தில் பெரும்பகுதி குடலைத் தாண்டி உள்ளே வராது.

ஒவ்வொரு பிரசவத்துக்கும் ஒரு பல் போகும்னு எங்க பாட்டி சொல்வாங்க. குழந்தை பல்லுலேர்ந்து கால்சியத்தை உறிஞ்சுமா?

உறிஞ்சாது. முன்பு சொன்ன அதே காரணம்தான், பல்லிலிருந்து தாதுவைத் திரும்ப எடுக்க உடம்புக்கு வழியில்லை. சாப்பாட்டில் கால்சியம் போதாவிட்டால் அம்மாவின் எலும்பிலிருந்துதான் எடுக்கும்.

ஆனாலும் பாட்டி கண்ணால் கண்டதைத்தான் சொல்லியிருக்கிறார். கர்ப்ப காலத்தில் ஹார்மோன் மாற்றத்தால் ஈறு வீங்கி ரத்தம் கசியும். வாந்தியோடு வயிற்று அமிலம் பல்லில் படும். பிரஷ்ஷை வாயில் வைத்தாலே குமட்டும், அதனால் தேய்ப்பது குறையும். வாந்தி எடுத்த கையோடு பல் தேய்க்காதீர்கள். வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரம் கழித்துத் தேயுங்கள்.

பல் ஆடுது. எலும்பு மெலிவாலதானே?

பெரும்பாலும் இல்லை. பெரியவர்களுக்குப் பல் ஆடினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஈறு நோயை. பல்லோடு ஒட்டிய காரையில் இருக்கும் கிருமிகளை எதிர்த்து ஈறு வீங்குகிறது. அந்த வீக்கம் நீண்ட நாள் நீடித்தால், முதல் பதிலில் சொன்ன அரித்தெடுக்கும் செல்களைத் தூண்டிவிடும். குழி எலும்பை அழிப்பது கிருமி மட்டுமல்ல, அதை எதிர்க்கக் கிளம்பிய நம் உடம்பும்தான். வலி இருக்காது என்பதுதான் இதில் மோசம். எக்ஸ்ரேயில் வேரில் பாதிக்கு எலும்பே இல்லாதவர்கள், "லேசா ரத்தம் வரும், அவ்வளவுதான்" என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

எலும்பு மெலிவு இதில் எங்கே வருகிறது? கரையான் இல்லாமல் மெல்லிய உத்தரம் தானாக விழாது. கரையான் வந்துவிட்டால் மெல்லிய உத்தரம் முதலில் விழும். அடர்த்தி குறைந்தவர்களுக்குப் பல்லைச் சுற்றிய எலும்பு இழப்பு அதிகமாகக் காணப்படுவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இரண்டுக்கும் பொதுவான காரணங்களும் உண்டு. புகையும் கட்டுப்படாத சர்க்கரையும் வயதும் எலும்பையும் கெடுக்கும், ஈறையும் கெடுக்கும். எது எதனால் என்று ஆராய்ந்துகொண்டிருப்பதைவிட, காரையை எடுத்துவிட்டு ஆறு வாரம் கழித்துப் பார்ப்பது உருப்படியான வேலை.

மாதவிடாய் நின்னதுலேர்ந்து வாயே சரியில்லை. அதுவும் எலும்பு சம்பந்தப்பட்டதா?

ஒரு பங்கு. அரிக்கும் செல்களுக்குக் கடிவாளம் போட்டு வைத்திருப்பது ஈஸ்ட்ரோஜன். அது குறைந்ததும் அரிப்பு கட்டுவதை முந்திவிடும். மாதவிடாய் நின்ற பிறகு வரும் ஐந்து முதல் ஏழு வருடத்தில் எலும்பு அடர்த்தியில் 20 சதவீதம் வரை போகலாம். தாடை எலும்புக்கும் அதில் பங்கு உண்டு.

வாய் வறட்சியும் எரிச்சலும் எலும்பால் வருவதில்லை. ஹார்மோன் மாற்றம், ரத்த அழுத்தத்துக்கோ தூக்கத்துக்கோ போடும் மாத்திரை என்று வேறு காரணங்கள் இருக்கும். எச்சில் குறைந்தால் வேர்ப் பகுதியில் சொத்தை வேகமாகப் பரவும் என்பதால், அதை 'வயசாச்சு' என்று விட்டுவிட வேண்டாம்.

பல்லுக்கு எடுத்த எக்ஸ்ரேலயே எலும்பு மெலிவு தெரிஞ்சிடுமா?

சந்தேகம் வரும், முடிவு வராது. வாய் முழுவதும் தெரியும் பெரிய எக்ஸ்ரேயை ஓ.பி.ஜி. என்போம். அதில் கீழ்த்தாடையின் அடிவிளிம்பில் ஒரு வெள்ளைக் கோடு ஓடும். நல்ல எலும்பில் அது தடிமனாக, உள்விளிம்பு வழவழப்பாக இருக்கும். 3 மில்லிமீட்டருக்கும் கீழே மெலிந்து, எலி கடித்த துணி விளிம்புபோல் இருந்தால், நான் டெக்ஸா ஸ்கேன் எடுக்கச் சொல்வேன். பல் வலிக்கு வந்தவரிடம் "உங்கள் இடுப்பு எலும்பைப் பாருங்கள்" என்றால் முறைப்பார்கள். பரவாயில்லை. அதற்காக எலும்பு மெலிவைக் கண்டுபிடிக்கவே ஓ.பி.ஜி. எடுப்பது சரியல்ல.

எலும்புக்கு மருந்து ஆரம்பிக்கணும்னு சொல்லிட்டாங்க. பல்லை முதல்ல பார்க்கணுமா?

பார்ப்பது நல்லது. இந்தப் பக்கத்திலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துப் போவதானால் இதை எடுத்துப் போங்கள். எலும்பு மெலிவுக்குத் தரும் முக்கிய மருந்துகள் அரிக்கும் செல்களை அடக்குபவை. வாரம் ஒரு முறை போடும் அலெண்ட்ரோனேட், வருடம் ஒரு முறை ஏற்றும் சோலெட்ரோனிக் ஆசிட், ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடும் டெனோசுமாப் ஊசி எல்லாம் இந்த வகை. பல் எடுத்த குழி ஆற, பழைய எலும்பு அரிக்கப்பட்டுப் புது எலும்பு வர வேண்டும். அரிக்கும் வேலையை அடக்கிவிட்டால் ஆறுவதும் மெதுவாகும்.

அதனால் காப்பாற்ற முடியாத பல்லை மருந்துக்கு முன்பே எடுத்து, குழி ஆறவிடுவது லாபம். ஆனால் ஏற்கெனவே முதுகெலும்பு முறிந்திருந்து மருந்து அவசரம் என்றால், பல்லுக்காக மாதக்கணக்கில் தள்ளிப்போட வேண்டாம். எலும்பு மெலிவுக்கான அளவில் மருந்தை ஆரம்பித்துவிட்டுப் பல்லையும் பார்க்கலாம்.

அந்த மாத்திரை போட்டா தாடை அழுகிடும்னு படிச்சேன். பயமா இருக்கு.

அப்படி ஒன்று உண்டு. ஆனால் அரிது. 2003-இல் ராபர்ட் மார்க்ஸ் என்ற அமெரிக்கத் தாடை அறுவை மருத்துவர், இந்த வகை மருந்து ஏற்றிக்கொண்ட 36 பேருக்குத் தாடை எலும்பு செத்து வெளியே தெரிந்ததை எழுதினார். அப்போதுதான் எல்லோரும் விழித்துக்கொண்டோம். இதில் ஒரு பழைய சாயலும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் தீக்குச்சித் தொழிற்சாலைகளில் வெள்ளைப் பாஸ்பரஸ் ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்களுக்கும் தாடை இப்படித்தான் செத்தது. 1906-இல் பெர்னில் நாடுகள் கூடி அந்தப் பாஸ்பரஸைத் தீக்குச்சியில் தடை செய்ய ஒப்பந்தம் போட்டன.

எண்ணிக்கைக்கு வருவோம். எலும்பு மெலிவுக்காக அலெண்ட்ரோனேட் வகை மருந்து எடுப்பவர்களில் 10,000 பேருக்கு 2 முதல் 5 பேர் வரைதான் இது வருகிறது. புற்றுநோய் எலும்புக்குப் பரவியதற்காக அதிக அளவில், அடிக்கடி ஏற்றுபவர்களுக்கு இது பல மடங்கு அதிகம். நூற்றுக்குச் சிலர் என்ற கணக்கு. இணையத்தில் வரும் பயங்கரப் படங்கள் பெரும்பாலும் இந்த இரண்டாம் கூட்டத்தைச் சேர்ந்தவை. அதைப் பார்த்துவிட்டு முதல் கூட்டத்தில் இருப்பவர் மாத்திரையைக் குப்பையில் போடுகிறார். இடுப்பு முறிந்து படுக்கையில் விழும் ஆபத்து அவருக்கு இதைவிடப் பல மடங்கு அதிகம்.

எனக்கு அது வந்தா எப்படித் தெரியும்?

பல் எடுத்த இடமோ, பல் செட் உராயும் இடமோ ஆறாமல், நாக்கால் தடவினால் சொரசொரவென்று எலும்பு தட்டுப்படும். எட்டு வாரம் தாண்டியும் அப்படியே இருந்தால்தான் இந்தப் பெயர் வைப்போம். நீங்கள் எட்டு வாரம் காத்திருக்க வேண்டியதில்லை, இரண்டு வாரத்தில் ஆறாவிட்டாலே காட்டுங்கள். கீழ்த்தாடையில்தான் அதிகம் வரும். வலி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். உதடு அல்லது முகவாய் மரத்துப்போனால் உடனே வர வேண்டும்.

மருந்துல இருக்கும்போதே பல் எடுக்க வேண்டி வந்துடுச்சு. ரெண்டு வாரம் மாத்திரையை நிறுத்திடட்டுமா?

நீங்களாக நிறுத்த வேண்டாம். அலெண்ட்ரோனேட் எலும்பிலேயே போய்த் தங்கிவிடும் மருந்து. பாதி வெளியேறவே ஏறக்குறைய பத்து வருடம் ஆகும். இரண்டு வாரம் நிறுத்தி எதுவும் மாறாது. பல வருடம் போட்டவர்களுக்குச் சில மாதம் நிறுத்தலாமா என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. அதை மருந்து எழுதியவர் முடிவு செய்யட்டும்.

முதலில் பல்லை எடுக்காமலே முடியுமா என்று பார்ப்போம். வேர் சிகிச்சை செய்து, மேல்பகுதியை வெட்டிவிட்டு வேரை உள்ளேயே விட்டுவைப்பதும் ஒரு வழி. எடுத்தே ஆக வேண்டும் என்றால், எலும்பு மெலிவு மருந்து எடுப்பவர்களில் பல் எடுத்த பிறகும் தாடைப் பிரச்சினை வருவது ஆயிரத்தில் ஒருவர், இருவருக்குத்தான். சீழோடு ஒரு பல்லை உள்ளே வைத்துக்கொண்டிருப்பதும் அதே தாடைக்கு ஆபத்துதான்.

ஆறு மாச ஊசிக்காரங்களுக்கும் இதே பதில்தானா?

இல்லை, இங்கேதான் கவனம் வேண்டும். டெனோசுமாப் எலும்பில் தங்காது. ஆறு மாதம் தாண்டியதும் அதன் பிடி விட்டுப்போகும். அடக்கி வைத்த செல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பும். ஊசியைத் தவறவிட்டவர்களுக்கு முதுகெலும்பில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல முறிவுகள் வந்திருக்கின்றன. "பல் எடுக்கணும், அதனால இந்த தடவை ஊசி வேண்டாம்னு விட்டுட்டேன்" என்று யாராவது சொன்னால் எனக்குப் பகீரென்று இருக்கும்.

அதே குணத்தை நமக்குச் சாதகமாகவும் வைத்துக்கொள்ளலாம். அவசரமில்லாத பல் என்றால், கடைசி ஊசி போட்டு மூன்று, நான்கு மாதம் ஆனதும் எடுப்பது பலரும் பின்பற்றும் வழக்கம். குழி ஆற ஆறு வாரமாவது கிடைக்கும், அடுத்த ஊசியையும் சரியான தேதியில் போடலாம். முதலில் சொன்ன பெரியவருக்கு அப்படித்தான் செய்தோம். காலண்டரில் இரண்டு தேதிகளை வட்டமிட்டுக் கொடுத்தேன், ஒன்று பல்லுக்கு, மற்றது ஊசிக்கு.

மாத்திரை போட்டதுலேர்ந்து வாயெல்லாம் புண். ஏன்?

மாத்திரையை எப்படிப் போடுகிறீர்கள் என்று கேட்பேன். ஒருவர், விழுங்கக் கஷ்டமாக இருக்கிறது என்று அலெண்ட்ரோனேட்டை நாக்குக்கு அடியில் வைத்துக் கரைத்துக்கொண்டிருந்தார். அந்த மருந்து பட்ட இடத்தைப் புண்ணாக்கும். சப்பவோ கடிக்கவோ கூடாது. காலையில் வெறும் வயிற்றில், ஒரு முழு டம்ளர் வெறும் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும். கால்சியம் மாத்திரை அதற்கப்புறம்தான். சேர்த்துப் போட்டால் மருந்து உள்ளே போகாது. விழுங்கவே முடியாதவர்கள் மருத்துவரிடம் சொன்னால் ஊசியாக மாற்ற வழி உண்டு.

எலும்பு மெலிவு இருக்கு, இம்பிளான்ட் வைக்கலாமா?

எலும்பு மெலிவு மட்டும் தடை இல்லை. பல் போன இடத்தில் தாடையில் பதிக்கும் டைட்டானியம் திருகைச் சுற்றி எலும்பு வந்து ஒட்டிக்கொள்வதுதான் இம்பிளான்ட். 1965-இல் ஸ்வீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரானமார்க் முதல் நோயாளிக்கு அப்படிப் பொருத்தினார். அடர்த்தி குறைந்த எலும்பிலும் ஒட்டும், நேரம் கொஞ்சம் கூட விட வேண்டும். நான் அதிகம் யோசிப்பது புகை பிடிப்பவர்களுக்கும் ஈறு நோயைச் சரிசெய்யாமல் வருபவர்களுக்கும்தான். மாத்திரையில் இருப்பவர்களுக்கு முன்பு சொன்ன சிறிய ஆபத்தைச் சொல்லிவிட்டு வைக்கிறோம். புற்றுநோய்க்கான அளவில் மருந்து ஏறுபவர்களுக்கு வைப்பதில்லை.

பல் செட் வருஷா வருஷம் லூசாகுது. செஞ்சவர் சரியில்லையோ?

செட் அப்படியே இருக்கிறது, கீழே இருக்கும் மேடுதான் கரைகிறது. பல் போன எலும்பு கரையும் என்று இரண்டாம் பதிலில் சொன்னேனே, அதற்கு முற்றுப்புள்ளி கிடையாது. கீழ்த்தாடையில் இன்னும் வேகம். உள்பக்கத்தை நிரப்பித் திரும்பப் பொருத்திக்கொள்ளுங்கள். ஒட்டும் பசையை மேலும் மேலும் போட்டுச் சமாளித்தால் செட் ஆடி ஆடி உராயும். எலும்பு மருந்தில் இருப்பவர்களுக்கு அந்த உராய்வே புண்ணுக்கு வழி. செட்டை இரவில் கழற்றி வைக்க வேண்டும்.

லூசாவதற்குப் பதில் செட் போகப் போக இறுகினால், அது அபூர்வம். தாடை எலும்பே பெரிதாகும் பேஜட் என்ற நோயில் அப்படி நடக்கும். அதை வெறும் செட் பிரச்சினை என்று ராவிக் கொடுக்கக் கூடாது.

குழந்தைக்கு மூணு வயசுதான், அடிபடவே இல்லை, முன்பல் விழுந்துடுச்சு. சீக்கிரம் வளர்றான்னு அர்த்தமா?

அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். பால்பல் விழ ஆரம்பிப்பது சுமார் ஆறு வயதில். அதற்கு முன் அதன் வேர் கரைந்துவிடும். விழுந்த பல்லைக் கையில் வைத்துப் பார்த்தால் வெறும் தொப்பிபோல் இருக்கும். ஐந்து வயதுக்கு முன்பே, நீளமான வேரோடு முழுசாக விழுந்தால் வேரின் மேல்பூச்சு நார்ப்படலத்தைப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். ஹைப்போபாஸ்பட்டேசியா என்ற அபூர்வமான பரம்பரை எலும்பு நோயில் சில குழந்தைகளுக்கு வெளியே தெரியும் முதல் அடையாளமே இதுதான். ரத்தத்தில் அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதியின் அளவு அந்த வயதுக்கு இருக்க வேண்டியதைவிடக் குறைவாக இருக்கும். அறிக்கையில் 'அதிகம்' என்றால்தான் பலரும் கவலைப்படுகிறார்கள், 'குறைவு' என்பதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

வேறு காரணங்களும் இருக்கலாம், உடனே பயப்பட வேண்டாம். விழுந்த பல்லைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். ஒரு சின்ன டப்பாவில் போட்டு, வேரோடு அப்படியே கொண்டு வாருங்கள்.